வாசகர் கேட்டவை: எச்.ஐ.வி. பெருகாத கலங்களும் ஏன் மடிகின்றன?

சென்ற இதழில் எச்.ஐ.வி. குருதிப் பரிசோதனையைப் பற்றி எழுதியபோது, "சீ.டீ.4 எண்ணிக்கை" என்ற சொல்லை ஓரிடத்தில் விளக்கம் எதுவும் தராமல் பயன்படுத்திவிட்டேன். வாசகர்கள் அதைக் கவனித்திருக்கிறார்கள். அந்தக் கலங்கள் எவை, அவை ஏன் குறைகின்றன, குறைந்தவை திரும்பி வருமா என்று கேட்டே இம்முறை பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதற் கடிதத்துக்கே இப்பகுதியின் பாதி போய்விடுகிறது. மற்றவற்றின் விடைகளும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கேள்வி: நான் உயர்தரத்தில் உயிரியல் கற்கும் மாணவி. எச்.ஐ.வி. வைரசு சீ.டீ.4 கலத்துக்குள் நுழைந்து பெருகி, கலத்தை வெடிக்கச் செய்து வெளியேறுகிறது, அதனால்தான் நிர்ப்பீடனம் குறைகிறது என்று படித்தேன். ஆனால் நோயாளியின் குருதியிலுள்ள சீ.டீ.4 கலங்களில் நூற்றுக்கு ஒன்றில்கூட வைரசு பெருகிக்கொண்டிருப்பதில்லை என்று வேறொரு நூலில் இருக்கிறது. நூறில் ஒன்றுதான் இறக்கிறதென்றால், மீதித் தொண்ணூற்றொன்பதும் எங்கே போகின்றன? (கொட்டாஞ்சேனை)

பதில்: உங்கள் ஐயம் சரியானது, இதே ஐயம் பெரிய ஆய்வுகூடங்களையும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அலைக்கழித்தது. 1983 இல் பாரிசின் பாஸ்டர் நிறுவகத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லூக் மொன்டானியே ஆகியோரின் குழு இந்த வைரசைப் பிரித்தெடுத்தது. சீ.டீ.4 என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டே அது கலத்துக்குள் நுழைகிறது என்பது அடுத்த ஆண்டே தெரிந்துவிட்டது. ஆகவே எந்தக் கலம் இறக்கிறது என்பதில் அன்றே சந்தேகம் இருக்கவில்லை. எப்படி இறக்கிறது என்பதற்கு ஓரளவு தெளிவான விடை கிடைக்க 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முதலில் அந்தக் கலம் செய்யும் வேலையைப் பாருங்கள். கலியாண வீட்டில் ஒரு பெரியவர் இருப்பார். அவர் அடுப்படியிலும் நிற்கமாட்டார், பந்தியிலும் பரிமாறமாட்டார். ஆனால் எந்தப் பந்திக்குச் சோறு போக வேண்டும், எங்கே தண்ணீர் குறைகிறது என்று பார்த்துப் பார்த்து ஆளனுப்பிக்கொண்டிருப்பார். அவர் இல்லாவிட்டால் சமையற்காரர் இருந்தும், இளைஞர்கள் இருந்தும், விருந்தினர் பசியோடு எழுந்து போவார்கள். சீ.டீ.4 கலம் நிர்ப்பீடனத் தொகுதியில் அந்தப் பெரியவரின் இடத்தில் இருக்கிறது. பிறபொருளெதிரிகளை உருவாக்கும் கலங்களும், தொற்றுற்ற கலங்களைத் தேடிக் கொல்லும் கொல்லிக் கலங்களும் இதன் அறிவுறுத்தலை எதிர்பார்த்தே முழுவீச்சில் இயங்குகின்றன. ஆரோக்கியமான ஒருவரின் குருதியில் ஒரு கன மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இக்கலங்கள் இருக்கும். 200 இற்குக் கீழே இறங்கினால் எயிட்ஸ் நிலை என்கிறோம்.

நீங்கள் படித்ததில் ஒரு திருத்தமும் இருக்கிறது. கலத்தை வெடிக்கச் செய்து வெளியேறுவது பற்றீரியாக்களைத் தாக்கும் வைரசுகள் பலவற்றின் இயல்பு. எச்.ஐ.வி. அப்படி வெளியேறுவதில்லை. அது கலமென்சவ்வில் மொட்டுப்போல் அரும்பி, அந்த மென்சவ்வின் ஒரு துண்டையே தன் மேலுறையாகப் போர்த்திக்கொண்டு பிரிந்து செல்கிறது. வெளியேற்றத்துக்காகக் கலம் உடைய வேண்டியதில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வைரசு நுழையும் சீ.டீ.4 கலங்களை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு தொற்றை எதிர்கொள்ள விழித்தெழுந்து பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் கலம் ஒன்று; வேலை வரும்வரை ஓய்ந்திருக்கும் கலம் மற்றொன்று. விழித்திருக்கும் கலத்தில் வைரசுக்கு வேண்டியவை அனைத்தும் கிடைக்கின்றன. அது தன் ஆர்.என்.ஏ.யை டீ.என்.ஏ.யாக மாற்றி எழுதி, அதைக் கலத்தின் கருவிலுள்ள மரபுப்பொருளுக்குள் செருகி, புதிய வைரசுகளை உற்பத்தி செய்கிறது. அத்தகைய கலத்தின் ஆயுள் சராசரியாக ஏறத்தாழ இரண்டு நாள்தான். மரபுப்பொருள் வெட்டப்பட்டு ஒட்டப்படும்போதே கலம் அதைப் பெருஞ்சேதமாகக் கருதித் தன்னை அழித்துக்கொள்ளலாம். வைரசின் புரதங்கள் நஞ்சாகலாம். கொல்லிக் கலங்கள் வந்து அதைக் கொல்லலாம். இவை அனைத்தும் உண்மையாகவே நடக்கின்றன. ஆனால் நீங்கள் சொன்ன அந்த நூறில் ஒன்றுக்கு மட்டுமே இவை பொருந்துகின்றன.

ஓய்ந்திருக்கும் கலத்தில் நடப்பதே இக்கதையின் மையம். வைரசு அதற்குள்ளும் நுழைகிறது, டீ.என்.ஏ.யை எழுதவும் தொடங்குகிறது. ஆனால் டீ.என்.ஏ. எழுதத் தேவையான நியூக்கிளியோரைட்டுகள் ஓய்விலுள்ள கலத்தில் மிகக் குறைவு. அந்த இருப்பைக் குறைத்தே வைத்திருப்பதற்கென்று ஒரு புரதமும் அங்கே இருக்கிறது. ஆகவே எழுத்து பாதியில் நின்றுவிடுகிறது. வைரசு தோற்றுவிட்டது என்றுதான் நாம் நினைப்போம், பல ஆண்டுகளாக ஆய்வாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். உண்மையில் கலத்தின் உள்ளே, கருவுக்கு வெளியே, டீ.என்.ஏ. இருக்கவே கூடாத குழியவுருவில், அரைகுறையாக எழுதப்பட்ட வைரசு டீ.என்.ஏ.த் துண்டுகள் சேர்ந்துகிடக்கின்றன. அந்த அந்நியத் துண்டுகளைக் கலத்தின் காவற் புரதம் ஒன்று கண்டுபிடித்துவிடுகிறது. அதன்பின் கலம் எடுக்கும் முடிவு தன்னைத் தானே எரித்துக்கொள்வது.

இதைக் கண்டறிந்த விதம் ஒரு துப்பறியும் வேலையைப் போன்றது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள கிளாட்ஸ்டன் நிறுவகத்தில் வோர்னர் கிரீன், கிலாட் டோயிட்ஷ் ஆகியோரின் குழுவினர், சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட ரொன்சில் திசுக்களை ஆய்வுகூடத்தில் உயிரோடு பேணி, அவற்றில் எச்.ஐ.வி.யை விட்டார்கள். சில நாட்களில் சீ.டீ.4 கலங்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. பிறகு ஒவ்வொரு மருந்தாகக் கொடுத்து, எது இந்தச் சாவைத் தடுக்கிறது என்று பார்த்தார்கள். வைரசு கலத்துக்குள் நுழைவதைத் தடுக்கும் என்பியூவிர்டைட் சாவைத் தடுத்தது. டீ.என்.ஏ. எழுதும் நொதியத்தை ஆரம்பத்திலேயே முடக்கும் எபவிரென்சும் தடுத்தது. ஆனால் எழுதி முடித்த டீ.என்.ஏ.யைக் கருவுக்குள் செருகவிடாமல் தடுக்கும் ரல்டெகிராவிர் இந்தச் சாவைத் தடுக்கவில்லை. இதிலிருந்து கிடைக்கும் முடிவைப் பாருங்கள்: கலத்தைக் கொல்லும் நிகழ்ச்சி வைரசு உள்ளே நுழைந்த பின்னும், செருகப்படுவதற்கு முன்னும், டீ.என்.ஏ. எழுதப்படும் இடைவேளையிலேயே நிகழ்கிறது. இறந்த கலங்களில் ஏறத்தாழ 95 சதவீதமானவை வைரசை ஒருபோதும் உற்பத்தி செய்யாதவை. நீங்கள் தேடிய தொண்ணூற்றொன்பதில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது.

மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் வாசகர் எவரும் இதைப் படித்துவிட்டுக் கவலைப்பட வேண்டாம். ரல்டெகிராவிர் வகையைச் சேர்ந்த மருந்துகள் இன்று உலகில் மிகச் சிறந்தவற்றுள் அடங்கும். ஆய்வுகூடத் தட்டில் ஏராளமான வைரசை ஒரே தடவையில் விட்டுப் பார்த்த சோதனை அது. மனித உடலில் இம்மருந்துகள் புதிய வைரசு உருவாவதையே நிறுத்திவிடுகின்றன. வைரசே இல்லாதபோது மேற்சொன்ன சாவு தொடங்க வழியில்லை.

அந்தச் சாவின் பெயரையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதன் தன்மை பெயரிலேயே இருக்கிறது. கலம் தன்னை அழித்துக்கொள்ளும் வழக்கமான முறைக்கு 1972 இல் அப்பொப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அந்தப் பெயரின் பொருத்தம் புரியும். கலம் சுருங்குகிறது, கரு இறுகுகிறது, பின்னர் முழுக் கலமும் மென்சவ்வால் மூடப்பட்ட சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிகிறது. அயலிலுள்ள துப்புரவுக் கலங்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. ஒரு துளிகூட வெளியே சிந்துவதில்லை. பழுத்த இலை உதிர்வதை மரம் அறியாததுபோல அயற்கலங்களும் அதை அறிவதில்லை.

ஓய்விலுள்ள சீ.டீ.4 கலம் இறப்பது இப்படியன்று. அதன் சாவுக்கு பைரொப்டோசிஸ் என்று பெயர். நெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அதன் முதற்பாதி. கலம் ஊதிப் பெருக்கிறது. காஸ்பேஸ்-1 என்னும் நொதியம் விழித்துக்கொள்ள, மென்சவ்வில் துளைகள் விழுகின்றன. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீற்றா உள்ளிட்ட உள்ளடக்கம் அனைத்தும் வெளியே கொட்டுகிறது. பாதுகாப்புக்காகவே உடல் இந்த முறையை வைத்திருக்கிறது. பற்றீரியா ஒன்று உள்ளே புகுந்த கலம் இப்படி இறந்தால் அந்தச் சத்தம் கேட்டுப் பிற கலங்கள் ஓடிவந்து காரியத்தை முடித்துவிடும். எச்.ஐ.வி. தொற்றிலோ அவ்வாறு ஓடிவரும் கலங்களிற் பல சீ.டீ.4 கலங்களே. வைரசுக்கு அவை புதிய இரை. அவற்றிலும் ஓய்ந்திருப்பவை எரிகின்றன, எரிந்து மேலும் கலங்களை அழைக்கின்றன. இதே குழுவினர் 2014 இல் இச்சங்கிலியின் கண்ணிகளை, டீ.என்.ஏ.யை உணரும் ஐ.எப்.ஐ.16 என்னும் புரதம் உட்பட, வெளியிட்டார்கள்.

இந்தச் சாவு குருதியில் மிதக்கும் கலங்களில் அவ்வளவு எளிதில் நிகழ்வதில்லை என்பதும் பின்னர் தெரிந்தது. நிணநீர்க் கணு, ரொன்சில், மண்ணீரல் போன்ற இடங்களில், வைரசை உற்பத்தி செய்யும் கலமொன்று ஓய்விலுள்ள கலத்தை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே அது பெருமளவில் நிகழ்கிறது. சீ.டீ.4 கலங்களும் அடங்கும் நிணநீர்க்குழியங்களில் ஏறத்தாழ 2 சதவீதம் மட்டுமே எந்த நேரத்திலும் குருதியில் இருக்கின்றன. நாம் ஊசியால் எடுத்துச் சோதித்தது அந்த 2 சதவீதத்தை. சாவு நடந்ததோ வேறிடத்தில். நெடுங்காலம் விடை கிடைக்காமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

இந்த விடையே முழு விடை என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். மேற்சொன்னவற்றில் பெரும்பகுதி உடலுக்கு வெளியே பேணப்பட்ட திசுக்களில் கண்டவை. 2021 இல் வேறொரு வழியும் வெளிவந்தது: கார்ட்-8 என்னும் காவற் புரதம் வைரசின் புரோட்டியேஸ் நொதியத்தை உணர்ந்து, அதே நெருப்புச் சாவைத் தொடக்கிவைக்கிறது. ஒரே கலவகை பல வழிகளில் இறக்கிறது. ஆனால் கொலையாளி வைரசின் பெருக்கம் மட்டுமே என்ற பழைய படம் போதாது என்பதில் இன்று ஐயமில்லை. பரீட்சையில் பாடத்திட்டம் கேட்பதை எழுதுங்கள். இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். வைரசு இத்தனை வேகமாகக் கலங்களை அழிக்குமாயின், தொற்று ஏற்பட்டவர்கள் எட்டு, பத்து ஆண்டுகள் நலமாக நடமாடுவது எவ்வாறு? கிருமி அவ்வளவு காலமும் உறங்குகிறதா? (வத்தளை)

பதில்: உறங்குகிறது என்றே 1995 வரை பலரும் எண்ணினார்கள். அந்த ஆண்டில் டேவிட் ஹோ, ஜோர்ஜ் ஷோ ஆகியோரின் இரு குழுக்கள், நோயாளிகளுக்கு வலிமையான மருந்தைக் கொடுத்து, குருதியில் வைரசு எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்று அளந்தன. நாட்கணக்கிலேயே அது சரிந்தது. அழிவு அவ்வளவு வேகமென்றால், அதற்கு முன் அளவு மாறாமல் நின்றதற்கு உற்பத்தியும் அதே வேகத்தில் நடந்திருக்க வேண்டும். ஒரு நாளில் ஏறத்தாழ 1000 கோடி வைரசுத் துணிக்கைகள் என்று அடுத்த ஆண்டு கணக்கிட்டார்கள்.

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் கடையொன்றின் கல்லாவை இரவில் மட்டும் எண்ணிப் பார்ப்பவருக்கு, பகலில் எத்தனை இலட்சம் வந்து எத்தனை இலட்சம் போனது என்று தெரியாது. மிஞ்சிய தொகை நேற்றையதைவிடச் சிறிது குறைவு என்பது மட்டுமே தெரியும். சீ.டீ.4 எண்ணிக்கை அந்த இரவுக் கணக்கு. நாள்தோறும் பெருந்தொகையான கலங்கள் மடிய, பெருந்தொகையான கலங்கள் புதிதாகவும் பிறக்கின்றன. வரவு செலவுக்குச் சற்றே பின்தங்குகிறது, அவ்வளவுதான். அந்தச் சிறிய பின்னடைவு ஆண்டுக்கணக்கில் சேரும்போதே நோய் வெளிப்படுகிறது.

கொழும்பு மக்களுக்கு டெங்குக் காய்ச்சலால் இந்த எண்ணிக்கை விளையாட்டு நன்கு பழக்கம். வெண்குழியங்களும் குருதிச் சிறுதட்டுகளும் இறங்குவதைக் கையில் அறிக்கையை வைத்துக்கொண்டு நாள்தோறும் பார்த்து நடுங்காத குடும்பம் இந்நகரில் குறைவு. ஆனால் டெங்கில் வைரசு சில நாட்களில் உடலை விட்டு நீங்கிவிடுகிறது, எண்ணிக்கையும் ஏறிவிடுகிறது. எச்.ஐ.வி. நீங்குவதில்லை. அதனால் அழற்சியும் தணிவதில்லை.

அந்த அழற்சிக்கு இன்னொரு ஊற்றும் உண்டு. தொற்று ஏற்பட்ட முதற் சில வாரங்களிலேயே, எவ்வித அறிகுறியும் பெரிதாகத் தெரியாத காலத்தில், குடற்சுவரிலுள்ள சீ.டீ.4 கலங்களில் பெரும்பாலானவை அழிந்துவிடுகின்றன. குருதி அறிக்கையில் அந்தப் பேரழிவு முழுமையாகத் தெரிவதில்லை. காவல் இழந்த குடற்சுவரினூடாகப் பற்றீரியாக்களின் சிதைவுப் பொருட்கள் குருதிக்குள் கசிகின்றன. நிர்ப்பீடனத் தொகுதி ஆண்டுக்கணக்கில் ஓயாமல் விழித்திருக்கிறது. விழித்த கலங்களிலேயே வைரசு பெருகுகிறது என்பதை மேலே பார்த்தோம். மேற்கு ஆபிரிக்காவில் சூட்டி மங்கபே என்றொரு குரங்கினம் இருக்கிறது. எச்.ஐ.வி.யின் உறவு வைரசு ஒன்று அதன் குருதியில் ஏராளமாக உண்டு. இருந்தும் அந்தக் குரங்குகளுக்கு எயிட்ஸ் வருவதில்லை. ஆரம்பத் தொற்றுக்குப் பின் அவற்றின் உடல் அழற்சியை அடக்கிக்கொள்கிறது என்பதே முக்கிய வேறுபாடு. வைரசின் அளவைக் காட்டிலும் உடலின் ஓயாத அழற்சியே நோயைத் தீர்மானிக்கிறது என்று நான் நம்புவதற்கு இந்தக் குரங்குகள் ஒரு பெருங்காரணம்.

கேள்வி: என் மகனை நுளம்பு கடித்துக்கொண்டே இருக்கிறது. டெங்கைப்போல எச்.ஐ.வி.யையும் நுளம்பு பரப்புமா? (பாமன்கடை)

பதில்: பரப்பாது. டெங்கு வைரசு நுளம்பின் உடலில் பெருகி அதன் உமிழ்நீரை அடைகிறது. எச்.ஐ.வி. பற்றிக்கொள்வதற்கு நுளம்பில் சீ.டீ.4 கலம் என்று ஒன்றே இல்லை. குருதியோடு உள்ளே போன வைரசு அதன் குடலில் சமிபாடடைந்துவிடுகிறது. மேலும், நுளம்பு கடிக்கும்போது தன் உமிழ்நீரையே செலுத்துகிறது, முன்னர் குடித்த குருதியை அல்ல. நுளம்புவலை டெங்குக்காகக் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: தொற்றுற்ற கலம் இரண்டு நாளில் இறந்துவிடுமென்றால், சில மாதங்கள் மருந்து எடுத்து அவை அனைத்தும் இறந்தபின் மருந்தை நிறுத்திவிடலாமே? வாழ்நாள் முழுவதும் ஏன்? (தெஹிவளை)

பதில்: இதே கணக்கைப் போட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளில் வைரசை ஒழித்துவிடலாம் என்று 1996 வாக்கில் விஞ்ஞானிகளும் நம்பினார்கள். 1997 இல் அந்த நம்பிக்கை உடைந்தது. விழித்திருந்த கலங்களுள் மிகச் சில, வைரசின் டீ.என்.ஏ. செருகப்பட்ட பின்னர், இறப்பதற்குள் ஓய்வு நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. அப்போது அவை வைரசை உற்பத்தி செய்வதில்லை. ஆகவே கொல்லிக் கலங்களுக்கும் தெரிவதில்லை, மருந்துக்கும் அங்கே வேலையில்லை. நினைவுக் கலங்களாக, ஒரு தொற்றை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருக்கவே படைக்கப்பட்டவை அவை. அந்த நீண்ட ஆயுளே வைரசுக்குப் புகலிடமாகிவிடுகிறது. இந்த இருப்பு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகின்றன என்று அளந்திருக்கிறார்கள். மருந்தால் மட்டும் அது முற்றாகத் தீர 70 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும்.

மருந்தை நிறுத்தினால் அவற்றுள் ஒன்று விழித்தெழுந்தாலே போதும். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் வைரசு மீண்டும் குருதியில் தோன்றிவிடுகிறது. முதற் கடிதத்துக்கு எழுதிய பதில் முழுவதும் இறக்கும் கலங்களைப் பற்றியது. குணப்படுத்துவதற்குத் தடையாக நிற்பவையோ இறக்காத இந்தச் சில கலங்கள். ஆகவே, நல்ல உடல்நிலையில் இருந்தாலும் மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம் என்று உங்களையும், உங்களைப்போல் எண்ணும் அனைவரையும் இரந்து கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: என் அண்ணாவுக்கு வயது 52. மூன்று ஆண்டுகளுக்கு முன் கடும் நியூமோனியாவோடு வைத்தியசாலையில் சேர்த்தபோதுதான் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது, அப்போது சீ.டீ.4 எண்ணிக்கை 60. மருந்தை ஒரு நாளும் தவறவிடுவதில்லை, வைரசு சோதனையில் அளவிடமுடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்கிறார்கள். ஆனால் எண்ணிக்கை 240 இற்கு மேல் ஏறவே இல்லை. மருந்து வேலை செய்யவில்லையா? வேறு ஏதாவது கொடுக்கலாமா? இன்னொன்று, வீட்டில் அவருக்கென்று தனிக் கோப்பை வைத்திருக்கிறோம், அது சரிதானா? (வெள்ளவத்தை)

பதில்: மருந்து வேலை செய்கிறது. வைரசின் அளவும் சீ.டீ.4 எண்ணிக்கையும் இரு வேறு பொருள்களை அளக்கின்றன. முதலாவது, தீ அணைந்துவிட்டதா என்பதைச் சொல்கிறது, அது அணைந்துவிட்டது. இரண்டாவது, எரிந்த வீடு எவ்வளவு திருத்தப்பட்டுள்ளது என்பதைச் சொல்கிறது.

திருத்தம் ஏன் தாமதிக்கிறது என்பதை விளக்க, பல ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்த ஒரு கண்ணாடித் தகட்டை நினைவுகூர்கிறேன். நீண்ட காலம் சிகிச்சை பெறாதிருந்த ஒருவரின் கழுத்திலிருந்து எடுக்கப்பட்ட நிணநீர்க் கணு அது. ஆரோக்கியமான கணுவை நிறமேற்றிப் பார்த்தால், கருநீல நிறத்தில் கலங்கள் நெருக்கமாகத் திரண்டு, வட்ட வட்டமான பாத்திகளைப்போல் ஒழுங்காகத் தெரியும். அந்தத் தகட்டிலோ பாத்திகள் இல்லை. கருநீலம் அங்குமிங்கும் சிதறிக் கிடந்தது. இடையெல்லாம் இளஞ்சிவப்பு நிறத் தழும்பு நார்கள் ஓடியிருந்தன. ஆண்டுக்கணக்கில் நீடித்த அழற்சி அங்கே வடுவாகிவிட்டிருந்தது. சீ.டீ.4 கலங்கள் உயிரோடிருப்பதற்குத் தேவையான இன்டர்லூக்கின்-7 என்னும் ஊட்டச் செய்தியை அந்தக் கணுவின் வலைப்பின்னற் கலங்களே கொடுக்கின்றன. வடு அந்த வலையைச் சிதைத்துவிட்டால், வைரசு போனபின் பிறக்கும் கலங்களுக்கும் தங்குமிடமும் ஊட்டமும் போதாமற் போகின்றன. புதிய கலங்கள் முதிரும் தைமஸ் சுரப்பியும் வயதோடு சுருங்கிவிடுகிறது. 52 வயதில், 60 என்ற எண்ணிக்கையிலிருந்து தொடங்கியவருக்கு ஏற்றம் மெதுவாக இருப்பது வியப்பன்று. 2015 இற்குப் பின், எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் தொற்று உறுதியான உடனேயே சிகிச்சையைத் தொடங்குமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துவதும் இத்தகைய சேதம் சேர்வதற்கு முன் முந்திக்கொள்வதற்காகவே.

ஆயினும் 60 இற்கும் 240 இற்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைத்து எண்ணாதீர்கள். அண்ணாவைப் படுக்கையில் வீழ்த்திய வகை நியூமோனியாக்களிற் சில பெரும்பாலும் 200 இற்குக் கீழேயே தலைகாட்டுகின்றன. முற்காப்புக்காக அவர் கொற்றிமொக்சசோல் மாத்திரை எடுத்துவந்தால், அதைத் தொடர வேண்டுமா என்று கிளினிக்கில் கேட்கலாம். அந்த முடிவை வைத்தியரே எடுக்க வேண்டும். அறிக்கையிலுள்ள எண் 240 இலிருந்து 215 ஆனாலோ 270 ஆனாலோ அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊதா மூடிக் குழாயில் எடுத்த அந்தச் சிறிதளவு குருதியில், ஒளிரும் சாயம் பூசிய கலங்களை லேசர் கதிரின் முன் ஒவ்வொன்றாகச் செல்லவிட்டு எண்ணுகிறார்கள். எண்ணுவதில் தவறில்லை, குருதி எடுத்த நேரம், சிறு தடிமன், உடற்களைப்பு ஆகியவற்றாலேயே ஒரே ஆளின் எண்ணிக்கை ஒரே நாளில் மாறும்.

"வேறு ஏதாவது" என்று நீங்கள் கேட்பது எதைக் குறிக்கிறது என்று ஊகிக்கிறேன். நிர்ப்பீடனத்தைக் கூட்டும் என்று விற்கப்படும் தூள்களும் பானங்களும் அந்த வடுவைக் கரைக்கமாட்டா. கலத்தின் நெருப்புச் சாவையே தடுக்கும் காஸ்பேஸ்-1 முடக்கிகள் ஆய்வுகூடத் திசுக்களில் பயன் தந்திருக்கின்றன, எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான சிகிச்சையாக அவை இன்னும் வரவில்லை. இப்போதைக்கு உதவும் ஒரு சிறு குறிப்பு உண்டு. அவருடைய மாத்திரையில் டொலுட்டெகிராவிர் இருந்தால், நெஞ்செரிவுக்காக நாமே பாமசியில் வாங்கும் அலுமினியம், மக்னீசியம் கலந்த மருந்துகளை அதனோடு சேர்த்து எடுக்கக்கூடாது. அவை மருந்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். அந்த நெஞ்செரிவு மருந்துகளை எச்.ஐ.வி. மாத்திரைக்கு இரண்டு மணித்தியாலம் பின்னரோ, ஆறு மணித்தியாலம் முன்னரோ எடுக்கலாம். இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளையும் கிளினிக்கில் மறைக்காமற் சொல்லுங்கள். கொழும்பு 10, டி சேரம் பிளேசிலுள்ள மத்திய கிளினிக்கில் சிகிச்சையும் இலவசம், விவரங்களும் வெளியே போகமாட்டா. இத்தகைய கேள்விகளை அங்கே தயங்காமற் கேட்கலாம்.

கோப்பையைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி. என் பயிற்சிக் காலத்தில், ஒரு விடுதியில் நோயாளி ஒருவரின் கோப்பைப் பிடியில் சிவப்பு நூல் கட்டியிருந்ததைப் பார்த்தேன். அன்று எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்றுவரை என்னை உறுத்துகிறது. எச்.ஐ.வி. எச்சிலாலோ, கோப்பையாலோ, ஒரே பாத்திரத்தில் உண்பதாலோ தொற்றாது. உங்கள் அண்ணாவைப்போல் வைரசு அளவிடமுடியாத நிலையில் தொடர்ந்து இருப்பவர்களிடமிருந்து உடலுறவாலும் தொற்றுவதில்லை என்பது ஆயிரக்கணக்கான இணைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து உறுதிசெய்யப்பட்ட உண்மை. இன்று மாலை தேநீர் ஊற்றும்போது அந்தத் தனிக் கோப்பையை மற்றக் கோப்பைகளோடு கலந்து வைத்துவிடுங்கள். யாருக்கு எது வருகிறதோ அதில் குடிக்கட்டும்.